முள் இறங்கிவிட்டது, வண்டியும் ஓடுகிறது: எஞ்சினுக்கு என்ன ஆகியிருக்கும்?

ஜூன் 4, இரவு 10.40

இந்த மன்றத்தில் புது இழை தொடங்கி நேராகக் கேள்விக்கு வருகிறேன். நேற்று மதியம் ஒரு நீண்ட ஏற்றத்தில் வண்டி கொதித்துவிட்டது. நாலு சிலிண்டர் பெட்ரோல், இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி), அலுமினிய ஹெட் (அதை மேலிருந்து மூடும் பகுதி), 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் முள் தானாக நடுவுக்கு இறங்கியது. சரி, தப்பித்தோம் என்று இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம் இழுவை குறைந்தது, எஞ்சினுக்குள் டக் டக்கென்று தட்டும் சத்தம், பானெட் ஓரத்தில் ஆவி. அணைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. மூன்றரை லிட்டர் உள்ளே போனது. ஸ்டார்ட் ஆனது, வீடு வரை ஓடியும் வந்தது.

போனில் கேட்ட ஒரு மெக்கானிக் "எஞ்சின் போயிருக்கும், மாத்திடுங்க" என்றார். இன்னொருவர் "ஓடுதுல்ல, ஓட்டுங்க" என்றார். இரண்டு பேருமே பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஹெட்டை இறக்காமலே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும்? அதுதான் கேள்வி.

ஜூன் 5, காலை

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று உறைத்தது. முள் ஏன் இறங்கியது?

வெப்ப சென்சார் கூலண்டுக்குள் (எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர்) மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கிறது. உலோகத்தின் சூடு அதற்கு ஒழுங்காக வந்து சேராது. அப்போது முள் இறங்கும், ஹெட் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். எனக்கு நடந்தது அதுதான். ஹீட்டரைத் திறந்தபோது குளிர்ந்த காற்று வந்ததும் இப்போது நினைவுக்கு வருகிறது. கொதிக்கிற வண்டியில் ஹீட்டர் குளிர்ந்த காற்றைத் தந்தால் அங்கே ஓடிவரத் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். நானோ "அப்பாடா, ஜில்லென்று வருகிறதே" என்று சந்தோஷப்பட்டேன்.

பல வண்டிகளில் முள் உண்மையான அளவைக் காட்டுவதும் இல்லை. 80 டிகிரியோ 100 டிகிரியோ, நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. அது அசையத் தொடங்கும்போதே விஷயம் முற்றியிருக்கும்.

ஆக, முதல் பதிவில் "இரண்டு நிமிடம் கொதித்தது" என்கிற தொனியில் எழுதியது தப்பு. இரண்டு நிமிடம் கூலண்டோடு, ஆறு கிலோமீட்டர் கூலண்ட் இல்லாமல்.

ஜூன் 6

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் வெளிறிய மஞ்சளாக நுரை. முடிந்தது கதை, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

ஜூன் 6, மாலை

மேலே எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், என் அவசரத்துக்குச் சாட்சியாக.

அம்மாவின் தம்பி முப்பது வருடம் எஞ்சின் வேலை பார்த்தவர். போன் போட்டேன். "மாப்ளே, மூடியைப் பார்த்துட்டு அழாதே. டிப்ஸ்டிக்கை உருவிப் பாரு" என்றார். ஆயில் அளவு பார்க்கும் அந்தக் கம்பியை உருவினேன். கறுப்பு, ஆனால் நுரை இல்லை, அளவும் ஏறவில்லை. நான் தினமும் நாலைந்து கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். எஞ்சின் முழுசாகச் சூடாகாத வண்டிகளில் காற்றின் ஈரம் மூடிக்கு அடியில் படிந்து இப்படி நுரைக்கும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்திவிட்டு, காலையில் ஆயில் டிரெயின் போல்ட்டை லேசாக மட்டும் தளர்த்தச் சொன்னார். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். கலந்திருந்தால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் சொட்டும். நாளை பார்க்கிறேன்.

ஜூன் 7

முதல் சொட்டே ஆயில். தண்ணீர் இல்லை. ஆனால் ஆயிலில் கருகிய வாடை. அதிகச் சூட்டில் ஆயில் மெலிந்து பேரிங்குக்குத் தேவையான படலம் நிற்காமல் போகும். எப்படியும் அதை வைத்து ஓட்டக்கூடாது. முழுசாக வடித்துப் புது ஆயில், புது ஃபில்டர். வடித்ததை ஒரு சுத்தமான தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். உலோகப் பொடி மினுக்கவில்லை. தட்டிய சத்தம் பேரிங்கில் இருந்து வந்ததில்லை போல. அதிகச் சூட்டில் பெட்ரோல் கலவை தானாகவே முன்கூட்டிப் பற்றிக்கொண்டு தட்டியிருக்க வேண்டும். அந்தத் தட்டலே பிஸ்டனைச் சேதப்படுத்தக் கூடியது, அதனால் இதில் நிம்மதிக்கு இடமில்லை.

வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர் கேட்டதற்கு: பல ஆட்டோமேட்டிக்குகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே உடைந்தால் கியர் ஆயில் இளஞ்சிவப்பாக நுரைக்கும். அதையும் உருவிப் பாருங்கள்.

ஜூன் 8

கூலண்ட் எங்கே கசிகிறது என்று அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கை பம்பு கிடைத்தது. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அழுத்தத்துக்கு ஏற்றி நிறுத்த வேண்டும். என் மூடியில் 1.1 பார். பத்து நிமிடத்தில் 0.7க்கு இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினால், ரேடியேட்டரின் பக்கவாட்டு பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில் ஈரம், அதைச் சுற்றிப் பழைய கசிவு காய்ந்த வெள்ளைப் படிவு. மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. நான் பானெட்டையே திறக்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த மூடியையும் பம்பில் மாட்டிச் சோதித்தேன். 0.6 பாரிலேயே திறந்துகொண்டது. இது சின்ன விஷயம் இல்லை. தண்ணீரும் ஆன்டிஃப்ரீஸும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், மூடி திறந்திருந்தால் 107 டிகிரி அருகே கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் சேர்ந்தால் 125ஐத் தாண்டித்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காத மூடி கொதிநிலையையே கீழே இழுத்துவிடுகிறது.

காரணம் கிடைத்தாயிற்று. ரேடியேட்டரும் மூடியும் மாற்றினால் வேலை முடிந்தது. இழையை மூடிவிடலாம்.

ஜூன் 9

பேட்டரி இறங்கிவிட்டது. இன்று ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 11

புது ரேடியேட்டர், புது மூடி, புது கூலண்ட். காற்று வெளியேற்ற ஒரு மணி நேரம் ஆனது. ஹீட்டர் திறந்தபடி, முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, குமிழி நிற்கும்வரை.

மாமா விடவில்லை. "தண்ணி போன வழி தெரிஞ்சிடுச்சு. தண்ணி இல்லாம ஓடினதுக்கு என்ன ஆச்சுன்னு இன்னும் தெரியலையே" என்றார். நியாயம்தான். எது கொதிக்க வைத்தது என்பதும் கொதித்ததால் என்ன உடைந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதுக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதையும் சேர்த்து மூடப் பார்த்திருக்கிறேன்.

எனவே நீலத் திரவச் சோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் புரோமோதைமால் ப்ளூ கலந்த திரவம். ரேடியேட்டர் வாயில் வைத்து, எஞ்சின் ஓடும்போது மேலே சேரும் காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த புகையின் கார்பன் டை ஆக்சைடு கூலண்டுக்குள் வந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். உறிஞ்சினேன். உடனே பச்சையானது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்புறம் பார்த்தால், கூலண்ட் மட்டத்தைக் குறைக்காமல் வைத்ததால் கூலண்டையே குழாய்க்குள் இழுத்திருக்கிறேன். அந்தப் பச்சை கூலண்டின் பச்சை. கழுவி, மட்டத்தைக் குறைத்து, புதுத் திரவம் ஊற்றி மறுபடி செய்தேன். இருபது நிமிடம் ஓட்டியும் நீலமாகவே இருந்தது.

கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, தப்பித்தது.

ஜூன் 14

தப்பிக்கவில்லை.

மூன்று நாளில் கூலண்டின் ரிசர்வ் டேங்கில் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. கீழே ஒரு சொட்டு இல்லை. பம்பு மாட்டினால், குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் அசையாமல் நிற்கிறது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டே நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்தால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. சூடு இல்லாமல் அழுத்தம் எங்கிருந்து வந்தது? சிலிண்டரில் இருந்துதான் வரவேண்டும்.

இதற்குக் கருவியே வேண்டாம். ஒரு கை போதும். ஃபேன் பக்கம் மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஜூன் 15

நீலத் திரவம் மறுபடி. இம்முறை அதே மாதிரி ஏற்றத்தில் இருபது நிமிடம் மிதித்து ஓட்டிவிட்டு வந்தேன். ரிசர்வ் டேங்கில் அழுத்தம் தங்காத வகை என்பதால் அங்கேயே சோதிக்க முடிந்தது. உங்கள் டேங்க் அழுத்தம் தாங்கும் வகை என்றால் சூட்டில் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். மூன்றாவது உறிஞ்சலில் மஞ்சள்.

11ஆம் தேதி செய்த சோதனை பொய் சொல்லவில்லை. நான் கேட்ட விதம் அப்படி. நின்றபடி ஓடும் எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் குறைவு, மெல்லிய வெடிப்பு வாய் திறக்காது. மிதிக்கும்போதுதான் திறக்கும். ஆக, நீலமாகவே இருந்தால் "இப்போது கசியவில்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீசல்காரர்களுக்கு: உங்கள் திரவம் முழு மஞ்சளுக்கு வராமல் பச்சையில் நின்றாலும் கசிவுதான். இன்னொன்று, கூலண்ட் குறைந்து வெள்ளைப் புகை வந்தால் உடனே ஹெட்டை இறக்காதீர்கள். இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் பகுதி) ஓட்டையானாலும் அதே புகை, அதே குறைவு. கூலண்டில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரையும் சந்தேகப்படுங்கள்.

ஜூன் 16

கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் அழுத்தம், பார்த்தேன். 118, 104, 101, 115 பிஎஸ்ஐ. நாலுமே செத்துவிட்டது. எஞ்சினை மாற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி போல.

ஜூன் 16, இரவு

இல்லை. மாமா கேட்ட முதல் கேள்வி, "ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சியா?" பிடிக்கவில்லை. காற்றே உள்ளே வராமல் எதை அமுக்கும்? இரண்டாவது கேள்வி, "பேட்டரி எப்படி?" ஒன்பதாம் தேதி படுத்த அதே பேட்டரி.

ஜூன் 17

ஒழுங்காக: எஞ்சின் வெதுவெதுப்பாக, நாலு பிளக்கும் கழற்றி, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, ஆக்சிலேட்டர் தரையோடு, இரவல் பேட்டரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏழு சுற்று.

176, 141, 137, 172.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மட்டும் குறைவு. இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்தேன், ஏறக்குறைய அதே அளவு. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்து அளவு ஏறியிருக்கும். ஏறாததால் கசிவு மேலே, வால்விலோ கேஸ்கெட்டிலோ. இரண்டு அண்டைச் சிலிண்டர்கள் ஒரே மாதிரி இறங்கியிருப்பது கேஸ்கெட்டைக் கை காட்டுகிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய பட்டையை. இரும்பைவிட அலுமினியம் சூட்டில் இரண்டு மடங்கு விரியும். போல்ட் பிடித்திருப்பதால் ஹெட்டுக்கு விரிய இடமில்லை. நடுவில்தான் அதிகச் சூடு, அங்கேதான் வளையும்.

பிளக்கைக் கழற்றியே வைத்துவிட்டுச் சுற்றியதில் இன்னொரு லாபம். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் பிளக் துளை வழியாகப் பீச்சிவிடும். பிளக்கோடு ஸ்டார்ட்டர் போட்டால் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். கொதித்த வண்டியை நான் அன்றைக்கே சாவி திருப்பி ஸ்டார்ட் செய்ததை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூன் 18

ஒருவர் ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைக்கும் திரவத்தைப் பரிந்துரைத்திருந்தார். அது ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். நாளைக்கே விற்கப்போகும் வண்டி என்றால்கூட ஊற்ற மாட்டேன், வாங்குபவரும் நம்மைப் போல ஒரு ஆள்தான்.

ஜூன் 19

கடைசி வெளிச்சோதனை. இரண்டாவது சிலிண்டரை அமுக்கும் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றி எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். காற்று உள்ளிழுக்கும் பக்கம் என்றால் இன்டேக் வால்வ். ஆயில் மூடியில் என்றால் ரிங். என் வண்டியில் சைலன்சர் மௌனம். ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வந்தது, மூன்றாவது பிளக் துளையில் காற்று முகத்தில் அடித்தது. 34 சதவீதம் கசிவு. ஒன்றாவது சிலிண்டரில் 8 சதவீதம்தான்.

மெல்லிய கேமராவையும் உள்ளே விட்டேன். இரண்டாவது பிஸ்டனின் தலையில், மூன்றாவது சிலிண்டர் பக்கமாகப் பிறை வடிவில் கரி கழுவப்பட்டு உலோகம் பளபளக்கிறது. ஆவி அவ்வளவு சுத்தமாகக் கழுவும்.

முதல் கேள்விக்குப் பதில்: ஹெட்டை இறக்காமல் இவ்வளவு தூரம் வரலாம். வளைவும் விரிசலும் இறக்கினால்தான் தெரியும். நாளை இறக்குகிறோம்.

ஜூன் 24

இறக்கியாயிற்று. கேஸ்கெட்டில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கருகிய கோடு, அதன் ஒரு முனை தண்ணீர்த் துளையைத் தொட்டிருக்கிறது. சோதனைகள் சொன்ன அதே இடம்.

நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்தோம். நீளவாக்கில் நடுவில் 0.12 மில்லிமீட்டர் நுழைந்தது. என் எஞ்சினுக்கு வரம்பு 0.05. பிளாக்கின் மேல்முகத்தையும் அளந்தோம், வரம்புக்குள் இருக்கிறது.

லேத் பட்டறையில் உடனே ஃபேஸிங் (அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது) போடக் கேட்டார்கள். மாமா தடுத்தார். முதலில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைத் தாங்கிகளில் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஹெட் வளைந்தால் அடிமுகம் மட்டும் வளைவதில்லை, கேம் உட்காரும் வரிசையும் சேர்ந்து வளையும். அடியைச் சீவிச் சமமாக்கினாலும் மேலே கோணல் அப்படியே இருக்கும், கேம் இறுகும், ஒருநாள் உடையும். எங்கள் கேம் விரலால் சுற்றியது. அதிர்ஷ்டம். அப்புறம் ஹெட்டைச் சூடான நீரில் இறக்கிக் காற்றழுத்தம் கொடுத்து விரிசல் பார்த்தார்கள். குமிழி இல்லை. அதன் பிறகுதான் ஃபேஸிங், அதுவும் குறைந்தபட்ச உயரம் மிஞ்சும்படி.

மூன்றாவது சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டன் உரசிய செங்குத்துக் கோடுகள் தெரிகின்றன. நகத்தை ஓட்டினால் சிக்கவில்லை. பிஸ்டனை எடுக்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் வாக்குவாதம். எடுக்கவில்லை. மாமாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 30

பூட்டியாயிற்று. வால்வ் சீல் எல்லாம் புதுசு. ஹெட் போல்ட்களும் புதுசு, இந்த வகை ஒருமுறை இழுபட்டால் மறுபடி பிடிக்காது. தெர்மோஸ்டாட்டும் (சூடானதும் கூலண்டுக்கு வழி திறக்கும் மெழுகு வால்வ்) மாற்றினேன், சூட்டில் வெந்த மெழுகை எதற்கு நம்ப வேண்டும். கம்ப்ரெஷன் 178, 171, 168, 175. ஹோஸ் காலையில் மெத்தென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 10

ஆயில் குறைகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 300 மில்லி. முன்பெல்லாம் ஒரு ஆயில் மாற்றத்தில் இருந்து அடுத்தது வரை டிப்ஸ்டிக் அசையாது. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது புகை இல்லை, எனவே வால்வ் சீல் இல்லை. நீண்ட நேரம் மிதித்துவிட்டுக் காலை எடுத்து மறுபடி மிதித்தால் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் லேசான நீலப் புகை. மூன்றாவது சிலிண்டர் பிளக்கில் கரி. சிலிண்டர் சுவரில் ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் சூட்டில் விறைப்பு இழந்திருக்க வேண்டும். கம்ப்ரெஷன் சோதனையில் இது அகப்படாது, ஆயில் ரிங் அழுத்தத்தைப் பிடிக்கும் ரிங் இல்லை.

ஜூன் 24 வாக்குவாதத்தில் மாமா ஜெயித்தார். போனில் சொன்னபோது "ம்" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 21

"இன்னும் ஓட்டுகிறீர்களா?" என்று கேட்டவருக்கு: ஓட்டுகிறேன். கூலண்ட் மட்டம் ஜூன் 30இல் பேனாவால் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. ஆயில் செலவு இப்போதும் அதே 300 மில்லி, ஏறவில்லை. ஏறினால் பிஸ்டனை எடுப்பேன். வெப்ப அளவை எண்ணாகவே காட்டும் சின்ன மானி ஒன்றை வண்டிக் கணினியின் தகவலைத் தரும் ஓபிடி வாயில் மாட்டியிருக்கிறேன். நேற்று அதே ஏற்றத்தில் 97 வரை போனது, ஃபேன் ஓடியது, 92க்கு இறங்கியது. உடனே ஹீட்டரைத் திறந்து கை வைத்துப் பார்த்தேன். சுட்டது.